முரசுக்காரர் சொன்ன பாதி

லிதுவேனியாவின் அல்சுவா ஊரில் ஜிக்மாஸின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய முரசுச் சத்தம் கேட்காதவர்கள் கிடையாது. கூடைப்பந்து அரங்கத்தின் வடக்குப் பக்கம், மூன்றாவது வரிசை, கடைசி இருக்கை. முப்பத்தோரு வருஷமாக அது அவருடைய இடம். முரசு என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அது பாலாடைக்கட்டி ஆலையில் கழித்துப் போட்ட பீப்பாய்தான். ஆலையில் வேலை பார்த்த இரண்டு பேர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து மாட்டுத்தோல் இழுத்துக் கட்டினார்கள். ஒருவர் ஜிக்மாஸ், இன்னொருவர் அவருடைய உயிர்க்கூட்டாளி யூலியுஸ். யூலியுஸ் மண்ணுக்குள் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவர் மகன் எய்மான்தாஸ்தான் அணியின் கேப்டன். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோவிலில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் ஜிக்மாஸ்.

ஜிக்மாஸுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி, எய்மான்தாஸ் குடும்பம் இரண்டாம் மாடி. எய்மான்தாஸ் மனைவி யுர்கா சூப் வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகும். ஜிக்மாஸ் காட்டுக்குப் போய்க் காளான் பறித்து வந்தால் பாதிக் கூடை கீழே போகும். அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிற அவர்களுடைய ஆறு வயது மகள் உர்தே, படியில் எந்தக் காலடி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

லிதுவேனியாவில் பிறக்கிற ஒவ்வொரு ஜீவனும் பாதி கோச்சாகத்தான் பிறக்கிறது. ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிற அம்மாள் "அந்த ஏழாம் நம்பரை இன்னுமா வெச்சிருக்காங்க?" என்று முன்னால் நிற்பவரைக் கேட்பாள். பாதிரியார்கூடப் பூசை முடிந்து வாசலில் நின்று ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியைப் பற்றிப் புலம்புவார். இத்தனை கோச்சுகளுக்கு நடுவில் ஜிக்மாஸ் சொல்லுக்குத் தனி மரியாதை இருந்தது. யாரை எடுக்கக் கூடாது என்று அவர் சொன்னாரோ, அவர்களையெல்லாம் எடுத்துவிட்டு அணி பட்ட பாடு ஊருக்கே தெரியும். செர்பியாவிலிருந்து ஒருவன் வந்தான். இடைவேளைக்கு இடைவேளை பின்வாசலில் புகை பிடித்தான். லாட்வியாக்காரன் ஒருவன் பயிற்சியில் பத்துக்குப் பத்து போடுவான், ஆட்டத்தில் ஆள் கூட்டத்தைக் கண்டால் கை நடுங்கிவிடும். பனி என்றால் என்னவென்று தெரியாமல் துணிச்செருப்போடு வந்து இறங்கிய அமெரிக்கர்கள் எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. "ஆளைப் பாக்காம வீடியோ டேப்பைப் பாத்து எடுக்கறானுங்க. டேப்புல எவன்தான் தப்பா ஆடுவான்?" என்பார் ஜிக்மாஸ். சொன்னது சொன்னபடி நடக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. யாருக்குத்தான் இருக்காது?

அந்த வருஷம் சீசன் தொடங்கி எட்டு ஆட்டம். ஏழில் தோல்வி. பட்டியலில் கடைசி இடம். கடைசியில் முடித்தால் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் பெரிய அணிகள் இந்த ஊர்ப் பக்கமே வராது. ஆட்டம் நடக்கிற வெள்ளிக்கிழமைகளில் இனி என்ன செய்வது என்று ஊரே திகைத்து நின்றது.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, வழக்கம்போல ஏரிக்கரை நீராவிக் குளியல் வீட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரு முறை உண்டு. உள்ளே போனால் பதவி கிடையாது, பட்டம் கிடையாது. துணியே கிடையாது, அப்புறம் பதவி எங்கே இருந்து வரும்? உள்ளே பேசியது உள்ளேயே ஆவியாகிவிட வேண்டும், வெளியே கொண்டு போகக் கூடாது. அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். மேல் பலகையில் ஜிக்மாஸ். எதிரே டயர் கடை ப்ரோனியுஸ். மூலையில் அணியின் நிர்வாகி பால்ட்ருஷிஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"என்ன ஜிக்மாஸ், நேத்து உன் பிள்ளையாண்டான் ஓடின அழகைப் பாத்தியா?" என்று ஆரம்பித்தார் ப்ரோனியுஸ். "எதிராளி கூடையில போட்டுட்டுத் திரும்பி வந்துட்டான், நம்ம கேப்டன் இன்னும் நடுக்கோட்டையே தாண்டல."

"முட்டி வலிடா அவனுக்கு."

"அச்சச்சோ! பெஞ்சுல உக்காந்தா முட்டி வலிக்காதே!" எல்லோரும் சிரித்தார்கள். "இதே வேற எவனாவது இப்படி ஆடியிருந்தா நீ வாரம் முழுக்கக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்ப. உன் ஞானப்பிள்ளைன்னதும் வாய்ல கொழுக்கட்டை!"

"எனக்கு ஆட்டம்தாண்டா முக்கியம். ஆளு இல்ல."

"சொல்லு பாப்போம்."

ஜிக்மாஸுக்கு முகம் சிவந்தது சூட்டினால் மட்டும் இல்லை. முப்பத்தோரு வருஷமாகப் பாரபட்சம் இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர். அப்போது மூலையிலிருந்து பால்ட்ருஷிஸ் மெதுவாகக் கேட்டார்.

"விளையாட்டுக்குக் கேக்கல ஜிக்மாஸ். பட்டியல்ல ஒரு இடம்தான் காலி பண்ண முடியும். வெளியிலேர்ந்து உயரமான ஆளைக் கொண்டாரணும்னா ஒருத்தரை அனுப்பியாகணும். முதல் தேதிக்குள்ள. நீங்களா இருந்தா யாரை அனுப்புவீங்க?"

ஜிக்மாஸ் கரண்டியால் தண்ணீர் மொண்டு அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"எய்மான்தாஸை அனுப்புங்க," என்றார். "முப்பத்தி நாலு வயசு. எடது கால் போச்சு. எதிராளியைத் தடுத்து நிக்கவே முடியல அவனால. என் பிள்ளைன்னு யாரும் பாக்க வேண்டாம்."

 ப்ரோனியுஸ், "யப்பா! நீ மனுஷன்யா!" என்று அவர் முதுகில் குளியலில் உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் தழைக்கட்டால் ஓங்கி ஒரு அடி வைத்தார். ஜிக்மாஸுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்து அவர் பின்னாளில் எத்தனை தடவை தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டார் என்று சொல்லி மாளாது.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற பாதி அது. அணியில் இருக்கிற இருபது வயதுப் பயல்கள் தப்புச் செய்தால் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், கோச் கத்தினபின் அவர்களைத் தோளில் தட்டி எழுப்புவது யார், தோற்று வீடு திரும்பும் பஸ்ஸில் கடைசி இருக்கையிலிருந்து முன்வரிசை வரை ஒவ்வொருத்தனிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது யார், இதெல்லாம் ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் ஜிக்மாஸ்தான். இந்த ஆள் போனால் மற்ற பதினொரு பேரும் தனித்தனி ஆள் ஆகிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பாதியைச் சொன்னால் பிள்ளைப் பாசம் என்று சிரிப்பார்களே என்று விழுங்கிவிட்டார்.

புதன்கிழமை செய்தி வந்தது. கேப்டன் எய்மான்தாஸுக்கு நன்றி, வாழ்த்து, நான்கே வரி. பதினாறு வருஷம் ஆடியவனுக்கு நான்கு வரி!

ஜிக்மாஸ் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளியல் வீட்டில் பேசியதை எவனாவது வெளியே எடுத்துப் போவானா? அப்படி ஒரு ஈனப் பிறவி உண்டா? பால்ட்ருஷிஸ் தானாகவே முடிவு செய்திருப்பான், நாம் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று ஒரு மணி நேரம் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தார். கேஸ் நிற்கவில்லை. அப்புறம் ஒரு தேன் ஜாடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். போய் ஒப்புக்கொண்டுவிடுவோம், திட்டினால் திட்டட்டும். இரண்டாம் மாடிக் கதவுக்கு முன் நின்றார். உள்ளே உர்தே எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பி ஏறிவிட்டார்.

அந்த நாளைதான் வரவே இல்லை. நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்கு விளக்கு வைக்கிற நாள். ஒவ்வொரு வருஷமும் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் யூலியுஸ் கல்லறைக்குப் போவார்கள். இந்த வருஷம் ஜிக்மாஸ், காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் ஒருவரும் வராத நேரம் பார்த்துத் தனியாகப் போனார். கல்லின் மேல் ஏற்கெனவே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வைத்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று தன் விளக்கை எடுத்துப் போய் யாரோ முன்பின் தெரியாத கிழவர் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஆட்டத்தில் அரங்கமே கொந்தளித்தது. "பால்ட்ருஷிஸ் வெளியே போ! கேப்டனைக் கொடு!" என்று ஆயிரத்து இருநூறு பேர் எழுந்து நின்று கத்தினார்கள். கத்துகிற கூட்டத்துக்குத் தாளம் வேண்டாமா? எல்லோரும் வடக்குப் பக்கம் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜிக்மாஸ் குச்சியை எடுத்தார். அடித்தார். தன் காதே அடைத்துப்போகிற அளவுக்கு அடித்தார். எதிர்ப்பக்கம் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த பால்ட்ருஷிஸ் கூட்டத்தைப் பார்க்கவில்லை. முரசு அடிக்கிறவரை மட்டும் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். அட கடவுளே, அந்த ஒரு தலையாட்டலுக்குப் பதில் அவர் வந்து நாலு அறை அறைந்திருக்கலாம்.

அன்றிலிருந்து ஜிக்மாஸின் நடை மாறிப்போனது. முதல் மாடி வரை பூட்ஸ் தடதடவென்று வரும். இரண்டாம் மாடித் தளத்தில் நுனிக்காலில் நடப்பார். மூன்றாவது மாடிப் படியில்தான் மூச்சே விடுவார். சூப் கிண்ணம் மட்டும் நிற்காமல் மேலே வந்துகொண்டிருந்தது. கதவருகில் வைத்துவிட்டு யுர்கா போய்விடுவாள். கழுவிய கிண்ணத்தை அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார்.

புதிய ஆள் வந்தான். டேரன் என்று பெயர், இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், நல்ல சுபாவம், பாவம். முதல் இரண்டு ஆட்டத்தில் வெளுத்துக் கட்டினான். அதில் ஒன்றில் ஜெயித்தும் விட்டார்கள். "பாத்தியா, ஜிக்மாஸ் கண்ணு கண்ணுதான்!" என்று ப்ரோனியுஸ் தெருவில் நின்று கத்த, ஜிக்மாஸ் அவர் வாயைப் பொத்தாத குறையாக இழுத்துக்கொண்டு போனார். டிசம்பர் நடுவில் டேரன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்குப் போனான். விமான நிலையத்திலிருந்து இரண்டு வரி எழுதினான், திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த ஆட்டத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். கடைசி ஐந்து நிமிஷம் இளம் பயல்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தட்டிக்கொடுக்க ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. ஜிக்மாஸ் விழுங்கிய அந்தப் பாதி ஊர் முழுக்கப் பார்க்க மைதானத்தில் நின்றது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் யுர்கா கதவைத் தட்டினாள். இந்த முறை கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடவில்லை.

"மாமா, அஞ்சு மணிக்கு வந்துடுங்க. மத்தி மீன் நீங்கதான் கொண்டாரணும், மறந்துடாதீங்க."

"எனக்கு... கொஞ்சம் இருமலா இருக்கும்மா."

"இருமினா என்ன? எங்க வீட்லயே இருமுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை விருந்து என்றால் எங்கள் ஜனங்களுக்கு அது பாதிச் சாப்பாடு, பாதி வழிபாடு. நாள் முழுக்கப் பட்டினி. முதல் நட்சத்திரம் தெரிந்தபின் மேசையில் பன்னிரண்டு பதார்த்தம். இறைச்சி கிடையாது, பால் கிடையாது. மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல். செத்துப்போனவருக்கு ஒரு தட்டும் மெழுகுவத்தியும். எல்லாவற்றுக்கும் முன்னால், கோவிலிலிருந்து வந்த, காகிதம்போல மெல்லிய அப்பத் தகட்டை வீட்டுக்கு மூத்தவர் எடுத்து நீட்ட வேண்டும். மற்றவர் அதில் ஒரு துண்டு உடைத்துக்கொள்வார், தன்னுடையதை நீட்டுவார். மனசில் பகை வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது. தீர்த்துக்கொள்ள வேண்டியதை அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வருஷமாக அந்த மேசையில் மூத்தவர் ஜிக்மாஸ்.

உர்தே ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். "நட்சத்திரம் வந்துடுச்சு! தாத்தா, சீக்கிரம் உடைங்க, பசிக்குது!"

எய்மான்தாஸ் எதிரே உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை. கொஞ்சம் இளைத்திருந்தான். யூலியுஸின் தட்டுக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. ஜிக்மாஸ் அப்பத் தகட்டைக் கையில் எடுத்தார். ஓரம் பொடிந்து மேசைவிரிப்பில் விழுந்தது. நீட்ட முடியவில்லை.

"எய்மிஸ்," என்றார், சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரால். "இதை நான் நீட்டக் கூடாதுடா. உன்னை அனுப்பச் சொன்னதே நான்தான். குளியல் வீட்ல, பால்ட்ருஷிஸ் கேட்டான். நான்தான் உன் பேரைச் சொன்னேன்."

யுர்கா குழந்தையின் தலையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். 

"தெரியும் மாமா," என்றான் எய்மான்தாஸ்.

"தெரியுமா?"

"பால்ட்ருஷிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன அன்னைக்கே இதையும் சொல்லிட்டாரு. ‘உன் ஞானத்தகப்பனே சொல்லிட்டாரு, என்மேல கோவிச்சு என்ன பண்ண?’ன்னாரு."

ஜிக்மாஸ் தகட்டைத் தட்டில் வைத்துவிட்டார். 

"நீங்க சொன்னதுல தப்பில்ல," என்றான் எய்மான்தாஸ். குரலை உயர்த்தவே இல்லை. "முட்டி போச்சு. எனக்கே தெரியும். நாலு நாள் கோவமா இருந்தேன், அப்புறம் போயிடுச்சு. ஆனா அன்னைக்கு ஆட்டத்தை இங்க டிவியில பாத்துட்டிருந்தேன். ‘கேப்டனைக் கொடு’ன்னு கத்தறாங்க. உங்க முரசு கேக்குது. நான் ஆடின பதினாறு வருஷத்துல நீங்க அவ்ளோ சத்தமா அடிச்சதே இல்ல மாமா."

"ஐயோ, விடுடா..."

"எட்டு வாரம். டெய்லி சாயங்காலம் உங்க பூட்ஸ் சத்தம் ஏறி வரும். எங்க தளம் வந்ததும் சத்தம் நின்னுடும். இந்தப் பக்கம் நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருப்பேன். இன்னைக்குத் தட்டுவாரு, இன்னைக்குத் தட்டுவாருன்னு."

யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. எய்மான்தாஸ் கை நீட்டி, ஜிக்மாஸ் வைத்துவிட்ட தகட்டிலிருந்து ஒரு துண்டு உடைத்து எடுத்துக்கொண்டான். தன்னுடையதை நீட்டினான். ஜிக்மாஸ் ஒரு பொடி அளவு கிள்ளினார். வாயில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. அறுபத்தேழு வயது மனிதர் மத்தி மீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"அப்பாகிட்டயும் சொல்லிடுங்க," என்றான் எய்மான்தாஸ், மெழுகுவத்தி எரிந்த தட்டைக் காட்டி.

ஜிக்மாஸ் அந்த வெறும் தட்டின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "யூலியுஸ்," என்றார். "என்னைப் பெரிய மனுஷன்னு நாலு பேர் சொல்லணும்னு உன் பிள்ளையை விட்டுக் கொடுத்துட்டேண்டா." 

பீட்ரூட் சூப் ஆறிப்போயிருந்தது. கசகசாவை அரைத்துப் பிழிந்த பாலில் ஊறிய சின்ன ரொட்டிகளை உர்தே மட்டும் ஒவ்வொன்றாகத் தின்றாள். அவள்தான் அதைப் போட்டு உடைத்தாள். "தாத்தா, நாங்க நார்வே போறோமே! அங்க என் ஸ்கூல்ல மீன் தொட்டி இருக்காம்!"

"ஜனவரி மூணாம் தேதி," என்றாள் யுர்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "என் அண்ணன் அங்க கிடங்குல வேலை பாத்து வெச்சிருக்கான், ரெண்டு பேருக்கும்."

"ஆட்டம்?" என்றார் ஜிக்மாஸ். அந்த நேரத்திலும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். "கீழ் லீக்ல எவனும் கூப்பிடலயா உன்னை?"

"கூப்பிட்டாங்க. பக்கத்து ஊர்லதான். ரெண்டு வருஷம் ஆடு, அப்புறம் சின்னப் பசங்களுக்குக் கோச்சா இருன்னாங்க. இந்தப் பக்கம் நார்வே. நவம்பர் முழுக்க முடிவே பண்ண முடியல மாமா. டிசம்பர் முதல் வாரத்துலதான் நார்வேக்குச் சரின்னு சொன்னேன்." எய்மான்தாஸ் கையிலிருந்த அப்பத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன். வேற யாரைக் கேப்பேன்? நீங்க தட்டியிருந்தா கேட்டிருப்பேன்."

ஜிக்மாஸ் மேசைவிரிப்பில் விழுந்திருந்த பொடிகளை விரலால் ஒதுக்கினார்.

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"இருடான்னு சொல்லியிருப்பேன்."

"இருந்திருப்பேன்," என்றான் எய்மான்தாஸ்.

மூன்றாம் தேதி காலையில் ஜிக்மாஸ்தான் பெட்டிகளைக் கீழே தூக்கினார். உர்தே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. யுர்கா சூப் கிண்ணத்தை அவரிடமே கொடுத்துவிட்டாள். வண்டி கிளம்பும்போது எய்மான்தாஸ் ஜன்னலை இறக்கி, "முரசைப் பத்திரமா வெச்சுக்குங்க, அது அப்பாவோடதும்தான்," என்றான்.

ஏப்ரலில் அணி கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. குளியல் வீட்டில் இப்போதும் பேச்சு நடக்கிறது. யாரை வைக்கலாம், யாரை அனுப்பலாம், எவன் ஒப்பந்தம் முடிகிறது என்று பேசுகிறார்கள். "நீ சொல்லுய்யா ஜிக்மாஸ்," என்று ப்ரோனியுஸ் கேட்டால், அவர் கரண்டியை எடுத்துக் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

இரண்டாம் மாடி வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஜிக்மாஸ் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுப் படி ஏறுவார். முதல் மாடி வரை பூட்ஸ் தடதடவென்று வரும். இரண்டாம் மாடித் தளம் வந்ததும் இன்றைக்கும் நுனிக்காலில்தான் நடக்கிறார்.